பிரேக் முனிரத்தினம்

"நைனா கிளம்பிட்டாரு மாமா" என்று அக்கா மகன் லோகு போனில் சொன்னபோது, பட்டறையில் ஒரு ஜன்னலுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தேன். அவன் அழவில்லை. நான் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றேன். அந்தக் கண்ணாடிக்குள் பட்டப்பகலும் இருட்டுத்தான்.

முனிரத்தினம் என் அக்கா புருஷன். எனக்குப் பாவா, ஊர்க்காரர்கள் உங்களுக்கு பிரேக் முனிரத்தினம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, பக்கத்துக் கடைக்காரர் எழுதுகிறார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சர்க்கரை ஆலை வேலை முடிந்து பாவா பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஸ்டாண்டில் யார் சட்டையை யார் பிடித்திருந்தாலும், கையை விரித்துக்கொண்டு நடுவில் நுழைந்து "பிரேக்" என்பார். பாக்ஸிங்கில் இருவர் கட்டிக்கொண்டால் நடுவர் பிரித்துவிடுகிற வார்த்தை அது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடிகள் மோதி வாய்ச்சண்டை முற்றினபோதும் அதே வார்த்தைதான். புது ஜோடி பைக்கில் ஒட்டிக்கொண்டு போனால், "பாக்ஸரே, பிரேக் சொல்லு" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணுவார்கள். "அது ஃபவுல் இல்லடா" என்பார்.

வாலிபத்தில் சென்னையில் பாக்ஸிங் ஆடியவர். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை விழுந்து, மூன்று தடவையும் எழுந்ததற்குக் கிடைத்தது அது. அவர் பக்கத்து ஆட்கள் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். வீசவில்லை. "நடுவரு பத்து எண்ணிகினு இருக்கும்போது எழுந்திருக்கணும்னுதான் தோணும் மச்சான். எழுந்தா மறுபடி அடிக்க வுடுவாங்கன்னு தோணாது" என்று ஒருநாள் சொன்னார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேபிள் டிவியில் கூண்டுச் சண்டை வந்தது. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்தது. டீக்கடையில் நல்ல கண்ணைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார். "எங்க ஆட்டத்துல கட்டிப்புடிச்சா மூச்சு வாங்கிக்கலாம். இங்க கட்டிப்புடிச்சாத்தான் ஆட்டமே. எங்க ஆட்டத்துல விழுந்தவன் மேல கை வைக்கக் கூடாது. இங்க விழுந்த அப்புறந்தான் வேலை." அவருக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். கை கால் முறுக்கில் மாட்டி, தாங்க முடியாதவன் இரண்டு தட்டுத் தட்டினால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. தோற்றவன் எழுந்து ஜெயித்தவனோடு கைகொடுக்கிறான். "அவனே போதும்னு சொல்லிக்கறான். யாரும் சிரிக்கலயே" என்று அதிசயப்படுவார்.

பள்ளிப்பட்டைத் தாண்டி ஒரு ரைஸ் மில் களத்தில் அந்தச் சண்டையை நடத்தச் சிலர் வந்தார்கள். கூண்டு செய்யும் வேலை எனக்கு வந்தது. செய்துகொண்டிருக்கும்போது பாவா பட்டறைக்கு வந்து கூண்டின் கம்பி வலையை அழுத்திப் பார்த்தார். "எங்க மேடைக் கயிறு சாய்ஞ்சா திருப்பித் தள்ளும். இது புடிச்சிக்கும்" என்றார். பிறகு கதவைப் பார்த்தார். "இன்னா மச்சான், கொண்டிய வெளிய வெச்சிருக்க?" அப்படித்தான் கேட்டார்கள் என்றேன். "எங்களுக்குக் கதவே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் போஸ்டர் ஒட்டினார்கள். 'பாக்ஸர் முனிரத்தினத்தின் மகன் லோகு மோதுகிறார்' என்று இருந்ததாம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பையன். அப்பாவிடம் கற்ற குத்தைத் தவிர வேறு தெரியாது. யாரோ கேட்டபோது விளையாட்டாகத் தலையாட்டியிருக்கிறான். வேண்டாமென்று போய்ச் சொல் என்றேன். "பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டிட்டாங்க மாமா. நைனா பேரு போட்டுக்குது. இனிமே எப்பிடி?" என்றான். சண்டை அன்றைக்குப் பாவா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனார்.

எதிராளி சித்தூர்ப் பக்கத்து மல்யுத்தக்காரன். லோகு நன்றாகவே இரண்டு குத்து வைத்தான். மூன்றாவதற்கு எதிராளி குனிந்து, இடுப்பைப் பிடித்து, வலையோடு சேர்த்து அழுத்தினான். "பிரேக்" என்று பாவா கத்தினார். நடுவர் திரும்பவில்லை. அந்த ஆட்டத்தில் அந்த வார்த்தை கிடையாது. லோகு கீழே போனான். வலது கை எதிராளியின் தொடைகளுக்கு நடுவில் மாட்டி, முழங்கை பின்பக்கமாக வளைய ஆரம்பித்தது. பாவா துண்டை வீசினார். அது கூண்டு உச்சியில் சிக்கித் தொங்கியது. கதவை நோக்கி ஓடினார். கொண்டிக்குக் காவல் நின்றவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். நான் அடித்த கொண்டிதான்.

திரும்பி ஓடிவந்து, மகன் முகம் இருந்த இடத்தில் வலைக்கு வெளியே மண்டி போட்டார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"லோகு, தட்டு."

அவன் தலையை ஆட்டினான். "உம் பேரு நைனா."

"பேரு என்னுது, நான் பாத்துக்கறேன். கை உன்னுது. தட்டுடா."

தட்டினான். கை பிழைத்தது. இன்றும் அந்தக் கையால்தான் ஆட்டோ ஓட்டுகிறான்.

கொஞ்ச காலம் டீக்கடையில் விட்டார்களா? "இன்னா பாக்ஸரே, புள்ள தட்டிட்டானாமே." "ஆங், தட்டினான். நாந்தான் தட்டச் சொன்னேன்" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்.

கடைசியில் நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வாயில் குழாய். பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். தொண்டையில் ஓட்டை போட வேண்டும், போட்டாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். போடச் சொல்லுங்கள் என்றேன். அப்போது அவர் உள்ளங்கை கட்டில் கம்பியில் விழுந்தது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. தண்ணீர் கேட்கிறார் என்றாள் நர்ஸ்.

"மாமா, நைனா தட்டுறாரு" என்றான் லோகு.

அவர் விழுந்தாலும் எழுந்துவிடுகிற ஆள்டா என்றேன்.

"எழுந்ததெல்லாம் போதும் மாமா" என்று சொல்லி, கட்டை அவிழ்த்தான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அக்காவும் சரி என்றாள். டாக்டரிடம் பேசி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். தன் பாயில், கை அவிழ்ந்தபடி போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் ஒரு பழக்கம். கதவு அடிக்கக் கொடுக்கிறவர்கள் வெளிக்கொண்டி மட்டும் போதும் என்றாலும், உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி இன்னொன்று வைத்துவிடுகிறேன். குடோன் கதவுக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு என்கிறேன்.