வயரோட வேணும்

போன செவ்வாய்க்கிழமை மண்டபம் ஊரில், நாலு பேர் நடுவில், ஐம்பது வயது மனிதர் ஒருவரை "ஏலே" என்று கத்திக் கூப்பிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். பஸ்ஸில் 'எறக்கம் இருக்கு' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். எழுதுவதற்குத் தொண்டை வேண்டாம் என்பதால்தான் வாராவாரம் உங்களோடு இத்தனை பேச்சு!

எல்லாம் ஒரு கடிகாரத்தால் வந்தது.

போனில் ஒரு வீடியோ. மரப்பெட்டி மேல் நாலு கண்ணாடிக் குழாய். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கம்பியில் வளைத்த எண் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. நிமிஷம் மாறினால் ஐந்து அணைந்து, அதன் பின்னாலிருந்து ஆறு எழும்புகிறது. நிக்ஸி குழாய் என்று பெயராம். அந்தக் காலத்து அளவு மெஷின்களில் எண் காட்ட இதைத்தான் வைத்தார்களாம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்ணும் ஒரே குழாய்க்குள்! எண்ணுக்கு ஒரு வயர் வீதம் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இதை நானே செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சிரிக்காதீர்கள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. ஆனால் சால்டரிங் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் ராமநாதபுரத்தில் மைக்செட், சீரியல் செட் வைத்திருக்கிறார். கல்யாணமான வருஷத்திலிருந்து சீரியல் பல்புகளுக்கு ஈயம் வைப்பது என் வேலை. மயிலாக, தாமரையாக, எத்தனையோ ஊர்த் திருவிழாக்களில் அவை எரிந்திருக்கின்றன. திருவிழா முடிந்த மறுநாள் அவிழ்த்து மூட்டை கட்டிவிடுவோம். என் கையால் செய்து, அவிழ்க்காமல், என் வீட்டிலேயே எரிகிற ஒன்று… அது மட்டும் இல்லை.

கடிகாரம் ஓடுவதற்கான போர்டை மதுரையில் சொல்லிவைத்து வாங்கியாயிற்று. குழாய்க்கு எங்கே போவது?

"இந்தா, வால்வுதானே? எங்கிட்ட ஒரு டப்பா கெடக்கு" என்று வீட்டுக்காரர் பழைய ஆம்ப்ளிஃபயர் வால்வுகளைக் கொண்டுவந்து கொட்டினார். அவையும் கண்ணாடிதான். ஆனால் உள்ளே இழை சிவக்குமே தவிர எண் எரியாது.

ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். டெலிவரிக்காரர் போன் செய்தால் எடுத்துப் பேசப்போவது யார்?

கடைசியில் மண்டபம் ரோட்டில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் சவரிமுத்துவிடம் இருப்பது தெரிந்தது. ஏதோ ஒரு காலேஜ் லேபிலிருந்து ஏலத்தில் எடுத்த இரண்டு மெஷின்கள். இரண்டின் முகப்பிலும் ஆறு ஆறு குழாய்!

"அந்தக் கண்ணாடிக் குழாய் வேணும்னு சொல்லுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். அவரும் போனில் அதையே சொன்னார். அவ்வளவுதான் சொன்னோம்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. முதல் மெஷினின் ஆறு குழாயும் பேப்பரில் சுற்றி, பளபளவென்று… அடியில் வயர் மட்டும் இல்லை. எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கியிருந்தது.

வீட்டுக்காரர் போன் போட்டார். ஸ்பீக்கரில் சவரிமுத்துவின் குரல்:

"மதினி குடில் ஜோடிக்கத்தானே கேட்டாக? கையில குத்திரக் கூடாதேன்னு நானே ஒக்காந்து ஒவ்வொண்ணா நறுக்கி, தேங்காநாரு போட்டுத் தேச்சுக் கழுவுனேன்ணே. நல்லா இருக்குல்ல?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கிறிஸ்மஸ் நெருங்குகிறது. வருஷா வருஷம் அவர்கள் மாதா கோவில் குடிலுக்கு எங்கள் சீரியல் செட்தான் போகும். மதினி கண்ணாடி கேட்டால் வேறு எதற்கு என்று நினைப்பார்?

"நல்லா இருக்குப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் இவர்!

ஆறில் நான்கு குழாய்களுக்கு அரிசி நீளத்தில் கட்டை வயர் மிச்சம் இருந்தது. அதிலும் கடற்காற்றுக்குப் பச்சை பூத்திருந்தது. பிளேடால் சுரண்டி, ஒவ்வொன்றுக்கும் புது வயர் வைத்தேன். சூடு ஒரு நொடி கூடினால் கண்ணாடி விட்டுவிடும். ஒன்று 'டிக்' என்று விட்டது. மூன்று பிழைத்தன.

அந்த மூன்றில் எல்லா எண்ணும் எரிந்தது ஒன்றே ஒன்று. மற்ற இரண்டில் சில எண்கள் செத்துவிட்டன. பரவாயில்லை… மணியின் முதல் இடத்துக்குப் பூஜ்யமும் ஒன்றும் போதும். நிமிஷத்தின் முதல் இடத்துக்கு ஐந்துக்கு மேல் வேலையில்லை. நல்ல குழாயை மணியின் இரண்டாம் இடத்தில் வைத்தேன். ஆனால் நிமிஷத்தின் கடைசி இடம்? அங்கே பத்தில் ஒன்றும் குறையக் கூடாது.

ஒரே ஒரு முழுக்குழாய் வேண்டும். அது இரண்டாவது மெஷினில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை, தேவிபட்டினம் பக்கம் ஒரு கோவிலில் செட் கட்டக் கிளம்பிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார்: "சவரி இன்னைக்கு மதுரைக்கு லோடு ஏத்துறானாம். அந்த இன்னொரு மெஷினையும் பிரிச்சுக் குழாய அனுப்புறேன்னான்."

"வயரோடன்னு சொன்னீகளா?"

"அடடா…" என்றார். அதற்குள் வண்டி ஹாரன் அடித்தது. ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. தன் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கிறவருக்கு மணியடிப்பது எங்கே கேட்கும்? சவரிமுத்துவுக்கே போட்டேன். "அலோ" என்றார். கட் செய்துவிட்டேன். மறுபடி போட்டேன். மறுபடி "அலோ"… மறுபடி கட். மூன்றாம் முறை லைன் கிடைக்கவில்லை.

பஸ் ஏறினேன். 'தம்பி, வயர நறுக்காம குடுங்க.' இவ்வளவுதான் சொல்லவேண்டும். உச்சிப்புளி தாண்டும் வரை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

கடை வாசலில் லாரி நிற்கிறது. பழைய போட் இன்ஜின் விற்க வந்த மூன்று பேர் ஒரு பக்கம். சவரிமுத்து கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து, மெஷினைக் காலுக்கிடையில் வைத்து, கையில் கட்டிங் பிளேயர். ஐந்து குழாய் நறுக்கிக் கழுவிப் பேப்பரில் காய்கிறது. ஆறாவது அவர் கையில். பிளேயர் வாயைத் திறக்கிறது…

"ஏலே! கைய எடுலே! வயருல வச்சே…!"

பிளேயர் கீழே விழுந்தது.

"மதினியா?" என்றார் சவரிமுத்து.

"யாரு சவரி, ஒங்க ஆத்தாவா?" என்றார் இன்ஜின்காரர் ஒருவர்.

"மைக்செட் அண்ணன் வீட்ல."

"அப்பச் சரி. மைக்கு இல்லாமலே பாம்பன் பாலம் வரைக்கும் கேட்ருக்கும்!"

தலை நிமிரவில்லை நான். ஆனால் வாய் திறந்தது திறந்தபடி இருந்ததால் சொல்லிவிட்டேன். கடிகாரம் செய்கிறேன், வயர் வழியாகத்தான் எண் எரியும், வயர் இல்லாவிட்டால் இது வெறும் கண்ணாடி என்று.

சவரிமுத்து பேப்பரில் காய்ந்த ஐந்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு மெஷினையும் அப்பிடியே தூக்கிட்டு வந்து எறக்கியிருப்பேனே, மதினி! ரெண்டு தடவ ஒக்காந்து கழுவியிருக்கேன்…"

உண்மைதானே? வேணும் என்று கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. கூச்சம் என்று அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டு, பாதியைச் சொல்லி மீதியை எதிராளி தலையில் விட்டுவிடுகிறோம். அவரும் தன் வீட்டு வழக்கத்தை வைத்து அதை நிரப்பிக்கொள்கிறார். அதுவும் எவ்வளவு அன்பாக… தேங்காய் நார் போட்டு!

ஆறாவது குழாயை முந்தானையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பில் "எறக்கம்" என்று சொன்னேன். கண்டக்டருக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமையிலிருந்து முன்னறையில் கடிகாரம் எரிகிறது. கடைசி இடத்தில் பத்து எண்ணும் ஒழுங்காக வந்து போகின்றன. இதை மட்டும் அவிழ்க்கமாட்டேன்.

திருவிழா முடிந்து வந்த வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "மணி என்ன?" என்றார். கையை நீட்டிக் காட்டினேன்.

"ஏன், வாயத் தொறந்து சொன்னா என்ன? மண்டபமே ஒன் தொண்டையப் பத்தித்தான் பேசுது!"

மறுபடியும் கையையே காட்டினேன் — பின்னே, கடிகாரம் எதற்காம்?