பிரிஜெட்டின் ஐந்நூறு பெட்டி

பிரிஜெட்டைப் பற்றிச் சொல்கிறேன், எழுதிக்கொள். எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு, அதையும் முதலிலேயே எழுதிவிடு.

பிரேசர் டவுனில் ஒரே சந்தில் இருவரும் கேக் வைக்கும் அட்டைப்பெட்டி செய்தோம். தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பசையில் எவ்வளவு படிகாரம் போடுவது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் பசை காய ஒரு ராத்திரி ஆகும், என்னுடையது ஒரு மணி நேரத்தில் காயும்.

அட்டை விலை ஏறியது, கரண்ட் போய்ப்போய் வந்தது, ஆட்கள் நிற்கவில்லை. போன வருஷம் என் பட்டறையை மூடினேன். அவள் மூடவில்லை. காலையில் அவள் ஷட்டர் சத்தம் கேட்டால் எனக்குக் காபி இறங்காது.

இந்த வருஷம் பேக்கரி ஓஸ்வால்ட், வழக்கமாக அவளுக்குத் தரும் கிறிஸ்துமஸ் ஆர்டரை வெளியூர்த் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டார். அங்கே மெஷினே மடிக்கிறது, விலையும் பாதி. பிரிஜெட்டிடம் இருந்த ஒரே ஆள் லீனாவும் மால் வேலைக்குப் போய்விட்டாள். ஆர்டர் இல்லையென்றால் ஜனவரியில் காலி செய் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டாராம். பொய் சொல்ல மாட்டேன், அன்று காபி நன்றாக இறங்கியது.

டிசம்பர் இருபதாம் தேதி, கனமான பிளம் கேக்கைத் தாங்காமல் மெஷின் பெட்டிகளின் அடி பிரிந்துபோனது. ஓஸ்வால்ட் ஓடியது அவளிடம், என்னிடம் அல்ல. இரண்டு நாளில் ஐந்நூறு பெட்டி வேண்டுமாம்.

சாயங்காலம் பிரிஜெட் என் வாசலில் நின்றாள்.

"மரகதக்கா, ரெண்டு நாள் வர்றீங்களா?"

"ஏன்டி, லீனா எங்க?"

"அவ ஏசில நிக்கிறா. பசைக் கை வேணாமாம்."

"அதனால இந்தக் கிழவி கை வேணுமா?"

"உங்க கைய யாரு கேட்டா? பசையத்தான் கேட்டேன். அதுக்குக் கூடவே நீங்களும் வந்துதானே ஆகணும்!"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "வரேன். பசை காய்ச்சறப்ப நீ வெளிய நிக்கணும்."

"மழையா இருந்தாலுமா?"

"மழையா இருந்தாலும்."

நின்றாள். ஐந்நூறும் போய்ச் சேர்ந்தன, ஒன்றின் அடியும் பிரியவில்லை. அடுத்த வருஷ ஆர்டரும் அவளுக்கே என்று ஓஸ்வால்ட் சொல்லிவிட்டார். கட்டடக்காரரும் வாயை மூடிக்கொண்டார்.

படிகாரக் கணக்கை இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தினமும் போய்க் காய்ச்சிக் கொடுக்கிறேன். கடைப் பலகையில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாததும் ஒருவகையில் நல்லதுதான்.