நீலப் புகை

ஐம்பத்தைந்து வயதில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது என் முதல் முட்டாள்தனம். அது திடீரென்று நீலப் புகை விட்டதும், முந்தின நாள் அதை ஓட்டிய மகனைத் திட்டித் தீர்த்தது இரண்டாவது. அவன் பையோடு வீட்டை விட்டுப் போய் நான்கு நாள், போனும் எடுப்பதில்லை.

லாசால் பகுதியில் இருந்த மெக்கானிக் கோடையிலும் கம்பளித் தொப்பி போட்ட ஒல்லி மனிதர். மகனின் குற்றங்களை நான் அடுக்க அடுக்க, அவர் காரின் பின்னால் குந்தி, கண்ணை மூடிப் புகையை மோந்தார். பிறகு எஞ்சின் ஒயிலின் அளவு பார்க்கும் கம்பியை உருவினார்.

"ஆர் ஒயில் விட்டது?"

"நான்தான் அண்ணை. நல்லதெண்டு ரெண்டு போத்தல் கூட விட்டனான்."

"அளவுக்கு மிஞ்சி நிக்குது. அதுதான் புகை. பெடியனிலை பிழையில்லை."

எஞ்சின் தப்பியது. மகனின் போன் நம்பரை ஒரு துண்டில் எழுதி அவரிடம் நீட்டினேன்.

"அண்ணை, அதை நீங்களே மகனிட்டை ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"நான் கார் மட்டும்தான் திருத்திறனான்."