இருமல் காமெடி

இன்று இராஜபாளையம் பஸ்ஸில் ஒரு பழைய படம். காசநோய்க்காரனாக வரும் காமெடியன் இருமுகிறான். கல்யாண வீடே தெறித்து ஓடுகிறது.

பக்கத்து சீட்டுக்காரர் குலுங்கிச் சிரித்தார். "அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் யாரு சார் கோவிச்சா?"

"எங்க மாமா" என்றேன்.

மாமா பஞ்சாலைத் தொழிலாளி. எண்பதுகளில், காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது படம் பார்க்கப் போனார். இதே மாதிரி காட்சியில் அவருக்கும் இருமல் வந்துவிட்டது.

"ஏலே, அவன விட இவரு நல்லா இருமுதாரு!" என்று முன்வரிசை சிரித்தது.

"அவனுக்குச் சம்பளம் குடுக்காவ. நான் டிக்கெட் எடுத்துல்லா இருமுதேன்" என்றார் மாமா.

தியேட்டரே கைதட்டியது. மாமா எழுந்து வெளியே போனார். சாகும்வரை அவர் தியேட்டர் பக்கமே போகவில்லை.

இவ்வளவும் கேட்ட பக்கத்து சீட்டுக்காரர் மறுபடி சிரித்தார். "ஒங்க மாமா பெரிய காமெடியன் சார்!"

நானும் சிரித்திருக்க வேண்டுமா, அவர் முகத்தில் இருமியிருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.