பிந்தி வந்த ஏலேலோ

என்னுடைய பெரியப்பா ஓர் இசைத்தட்டில் பாடியிருக்கிறார் என்று நாரந்தனையில் நம்பிய ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லி, வகுப்பே சிரிக்க, அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவளும் நான்தான்.

பெரியப்பா இளந்தாரியாக இருந்தபோது கொழும்பிலிருந்து ஒரு பெரிய பாடகி வந்து, எங்கள் கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைத் தன் குரலில் பாடிப் பதிவுசெய்தாராம். பின்பாட்டுக்குக் கரைவலை இழுக்கிற எட்டுப் பேரை மாதா கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்களாம். எட்டாவது ஆள் தான் என்று பெரியப்பா சாதிப்பார். தட்டின் உறையில் பின்பாட்டுக்காரரின் பெயர்கள் இல்லை. வீட்டிலிருந்த பழைய கசெற்றில் பாடகியின் குரலுக்குப் பின்னால் இரைச்சல்தான் கேட்கும்.

"இவர் அங்க பிளேன்ரீ ஊத்தப் போனவர்" என்பார் பெரியம்மா. யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். பெரியப்பா சிரித்துச் சமாளிப்பார். ஆனால் அன்றைக்குச் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பிவிடுவார்.

அந்த வருடம் பெரியப்பாவின் மகன், என் அண்ணை, பாரிசிலிருந்து லீவில் வந்தார். அவர் ஒரு சத்தப் பைத்தியம். பாடகிக்கு வயதாகி இனிப் பாட முடியாததால், அந்தப் பதிவை மூல நாடாவிலிருந்து துப்புரவாக எடுத்து, பாரமான புது இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்களாம். தட்டு, அதைச் சுழற்றும் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். தட்டில் ஒரு விரல் வைக்க எங்களை விடவில்லை.

"பாடின ஆக்கள் மூச்சு விட்டதும் கேக்கும்" என்றார் அண்ணை.

"அப்ப தேத்தண்ணி ஊத்தின சத்தமும் கேக்குமோ?" என்றார் பெரியம்மா.

ஞாயிறு பூசை முடிந்ததும் அயலட்டை முழுக்க எங்கள் விறாந்தையில் கூடிவிட்டது. பெரியப்பா கதிரை நுனியில் இருந்தார். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு அவர் காலடியில் இருந்தேன்.

ஊசி இறங்கியது. பாடகி எங்கள் குசினிக்குள் நின்று பாடுவதுபோல அத்தனை தெளிவு. பின்னால் ஆண்கள் ஒரே குரலாக "ஏலேலோ" என்றார்கள். அதற்குள் பெரியப்பாவைத் தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு அழுகை முட்டியது. பாட்டு முடிந்தது, பாடினவர்கள் எல்லாரும் ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகு, தன்னந்தனியாக, கரகரவென்று இன்னொரு "ஏலேலோ" வந்தது.

வலைக் கயிற்றின் வால்பக்கம் நிற்கிறவர்களுக்கு முன்னால் பாடுகிறவரின் குரல் பிந்தித்தான் எட்டும். அவர்கள் பதிலும் பிந்தித்தான் வரும். வாழ்நாள் முழுக்க வால்பக்கம் நின்ற மனுசன், பாடகிக்கு நாலு முழம் தள்ளி நின்றும் பழக்கத்தை விடவில்லை.

"சேசுவே! பூசையிலயும் இவர் ஆமென் சொல்லுறது இப்பிடித்தானே! இது இவரேதான்!" என்று கத்தினார் பெரியம்மா.

விறாந்தை அதிர்ந்தது. சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு! பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். நான் துள்ளிக் குதித்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்கிறேன் அவர்களை!

"தம்பி, இன்னொருக்காப் போடு. முதல்ல இருந்து" என்றார் பெரியப்பா அண்ணையிடம். போட்டார்கள். மறுபடியும் கேட்டார். நாலாம் தரம் எனக்கே அலுத்துவிட்டது.

"உங்கட சத்தம் கடைசியிலதானே வருது பெரியப்பா, ஏன் முதல்ல இருந்து போடச் சொல்லுறியள்?"

"பேசாமக் கேளும் பிள்ளை."

கண்ணை மூடிக்கொண்டு, பின்பாட்டு வரும்போதெல்லாம் ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்பவர்போல ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஏழோடு நிறுத்திவிட்டார். அந்த எட்டுப் பேரில் அன்றைக்கு உயிரோடு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு எவ்வளவோ காலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று நான், "தாளம் பிழைக்குது பெரியப்பா" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து எட்டாவது விரலையும் மடக்கிவிட்டேன்.