செல்லமுத்துவுக்குப் பின்னால் வந்தவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து ஆடியில் சென்றாயன் போரிலிருந்து ஊர் திரும்பினான். புளியஞ்சோலையிலிருந்து காட்டுப்பாதையில் ஏறி, மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டின் முதல் கொல்லையை எட்டியபோது, சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த அவன் பங்காளி கருப்பண்ணன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டியா சாமி! உசுரோட வந்துட்டியா!" என்றவன், கண்ணைத் துடைத்த கையோடு கேட்டான்: "ஏன்டா, செல்லமுத்து சொன்னதெல்லாம் நெசந்தானா? கம்பி வேலிக்கு அடியில பொந்து வெட்டி, பனிமலையைத் தாண்டியா வந்தான்?"

சென்றாயனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நெசந்தான்" என்றான்.

"நீ எப்படி வந்தே?"

"லாரியில."

கருப்பண்ணன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. லாரியில் வந்தவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

செல்லமுத்து புளியஞ்சோலைப் பக்கத்துக் கீழ்நாட்டுக்காரன். சொந்தக் காடு உள்ள குடும்பம். இருவரும் நாமக்கல்லில் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். லிபியாப் பாலைவனத்தில் சேர்ந்தே பிடிபட்டார்கள். இத்தாலியில், வடக்கே பார்த்தால் பனிமூடிய மலைகள் தெரியும் ஒரு கைதி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். சென்றாயனை வாட்டியது பசியோ குளிரோ அல்ல, அந்த மலைதான். பிறந்ததிலிருந்து மலையில் நடந்தவனை மலைக்கு எதிரே கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

துணி துவைக்கும் கொட்டகைக் கல்லைப் பெயர்த்துச் சுரங்கம் வெட்டத் தொடங்கியவன் சென்றாயன்தான். உதவிக்குச் சிலர் சேர்ந்தார்கள். கைதிகளுக்கு வந்த பார்சல் பெட்டிப் பலகைகளை முட்டுக் கொடுத்து, வெட்டிய மண்ணைக் கால்சட்டைக்குள் கட்டிக்கொண்டு போய்க் காய்கறிப் பாத்தியில் உதறி, ஒரு குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. வேலிக்கு அப்பால் போனவர்கள் மலைச்சரிவில் தெரியும் ஆட்டுக்காரர் கல்குடிசையில் சந்திப்பதென்று பேச்சு. முதலில் போகவேண்டியவன் சென்றாயன்.

ஆனால் மூடுபனி இறங்கிய அந்த விடியற்காலையில் செல்லமுத்து சுரங்க வாயில் உட்கார்ந்துகொண்டு அழுதான். "அண்ணா, எனக்குப் பின்னால யாராச்சும் இருந்தாத்தான் போவேனுங்க. இருட்டு முதுகுல ஏறுதுங்க."

சென்றாயன் அவனை முன்னால் விட்டான். அவன் உள்ளங்கால்களைத் தன் தலையால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போனான். செல்லமுத்துவின் கால்கள் மேலே ஏறி மறைந்தன. மேலிருந்து ஈரப்புல் வாசம் வந்தது. சென்றாயன் தலையை நீட்டியபோது விசில் சத்தம் கேட்டது. ஒரு காவல்காரன் அவன் மயிரைப் பிடித்துத் தூக்கினான்.

அன்று பிடித்த எரிச்சல் அவனை விடவே இல்லை. இருட்டறையில் தண்டனை கிடந்தபோதும், பிறகு ஜெர்மனிக்கு ரயிலில் அடைத்துக் கொண்டுபோனபோதும் ஒரே நினைப்புதான்: ஏரி வரப்பில் நடந்த கீழ்நாட்டுக்காரன் மலை ஏறுகிறான். மலைக்காரன் நான் தரையில் கிடக்கிறேன். கடைசியில் போர் முடிந்து யாரோ கதவைத் திறந்துவிட்டு லாரியில் ஏறச் சொன்னார்கள். ஏறிக்கொண்டான், அவ்வளவுதான்.

வீட்டிலும் செல்லமுத்து பேச்சுதான் இருந்தது. சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்து தையிலேயே ஊர் திரும்பிவிட்ட அவன், முதல் வேலையாக மலை ஏறி வந்து சென்றாயன் மனைவி பாவாயியைப் பார்த்திருக்கிறான். "விசில் சத்தந்தான் கேட்டுச்சுங்கக்கா, துப்பாக்கிச் சத்தம் கேக்கலை. அண்ணன் உசுரோட வருவாருங்க" என்று தைரியம் சொல்லியிருக்கிறான். மாதம் தவறாமல் உப்பும் அரிசியும் கொண்டுவந்திருக்கிறான்.

பாவாயி அவன் பேரை எடுக்கும்போதெல்லாம் சென்றாயன் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான்.

சேதி கேட்டுச் செல்லமுத்து வந்தான். தடி ஊன்றி, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். கட்டிக்கொண்டு அழுதான். சென்றாயன் கட்டை மாதிரி நின்றான். அவன் கால் கழுவச் செருப்பைக் கழற்றியபோதுதான் சென்றாயன் பார்த்தான்: வலது காலில் விரல்களே இல்லை.

"பனி தின்னுருச்சுங்கண்ணா" என்று செல்லமுத்து சிரித்தான்.

சென்றாயனுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் பத்துக் கால்விரல்களையும் பார்த்தான். பனியில் நடந்ததற்கு அவனிடம் அடையாளம் இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பு அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் போகவில்லை.

அடுத்த வாரம் கோயில் பொங்கல். ஊரே மரத்தடியில் கூடியிருந்தது. கருப்பண்ணன் செல்லமுத்துவைக் கதை சொல்லக் கூப்பிட்டான். செல்லமுத்து எழுந்து, "சொரங்கத்தை அண்ணன்தான் சொல்லோணும். வெட்டுனது அவருங்க" என்றான்.

எல்லோரும் சென்றாயன் பக்கம் திரும்பினார்கள். நெடுநாள் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. அவன் எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஒன்றை மட்டும் சொன்னான். "சொரங்க வாயில உக்காந்து சின்னப் புள்ளையாட்டம் அழுதான். நாந்தான் முட்டித் தள்ளி வெளியே அனுப்புனேன். இல்லாட்டி உங்க வீரன் இன்னும் அங்கயேதான் கெடந்திருப்பான்."

கூட்டம் சிரித்தது. செல்லமுத்து தலை குனியவில்லை. "ஆமாங்க, அழுதேன். அண்ணன் தள்ளலைன்னா நான் இல்லீங்க" என்றான்.

கூட்டத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று. எல்லோரும் செல்லமுத்துவையே அன்போடு பார்த்தார்கள். சென்றாயன் எழுந்து வீட்டுக்கு நடந்தான்.

பாவாயி பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க, அந்தக் காலு எப்படிப் போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பனியில."

"வழிகாட்ட வந்த ஆட்டுக்காரனும் அதே பனியிலதான் நடந்தான். அவனுக்குப் போகலியே? அவன் உடனே கெளம்பச் சொன்னானாம். 'விசில் ஊதுனாலும் எங்கண்ணன் எப்படியாச்சும் பின்னால வந்துருவாரு'ன்னு செல்லமுத்து அசையலையாம். அந்தக் கல்குடிசை வாசல்லயே மூணு நாள் நின்னாராம். மழையும் பனியும் கலந்து கொட்டுனப்பவும் உள்ள போகலையாம். நீங்க வந்து பாத்துட்டு ஆள் இல்லைன்னு போயிருவீங்களோன்னு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு. இன்னைக்கு நீங்க பேசுனதுக்கு அப்புறம் அந்தச் சத்தியம் எனக்கு வேண்டாம்."

சென்றாயன் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவன் மலையிறங்கிப் புளியஞ்சோலைக்குப் போனான். செல்லமுத்து ஊன்ற முடியாத காலோடு ஏர் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தான். சென்றாயன் ஏர்க்கட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். உச்சிப்பொழுது வரை உழுதான். உழவு முடிந்து வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது சென்றாயன் கேட்டான்:

"நேத்து நான் பேசுனது தப்பு, தம்பி. விடு. அந்த மலையைச் சொல்லு. உச்சிக்குப் போனியா?"

"போனேனுங்கண்ணா."

"மேல நின்னா என்ன தெரிஞ்சுது?"

செல்லமுத்து தயங்கினான். பிறகு சொல்லத் தொடங்கினான். காலடியில் நொறுங்கும் பனி, மூச்சு முட்டும் ஏற்றம், உச்சியிலிருந்து அந்தப் பக்கம் தெரிந்த நீல ஏரி என ஒவ்வொன்றாகச் சொன்னான். சென்றாயனுக்குக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. அவன் எதையும் விடாமல் கேட்டான்.