சுற்றாமல் விட்ட புள்ளிகள்

கிரேயானின் மெழுகு வாசனை எங்கிருந்து வந்தாலும் என் முதுகு சில்லிட்டுப்போகும். சிமென்ட் தரை, அதன் மேல் பழுப்புக் காகிதம், அதன் மேல் நான். நான்கு வருடங்களுக்கு முன், கொல்கத்தாவில், துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த நாள்களில் நடந்தது.

புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை எடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தழும்பை நான் பார்த்ததே இல்லை. கிடர்பூர் குவார்ட்டர்ஸில் விளக்கைப் போடாமல்தான் குளிப்பேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர் கட்டு மாற்ற வந்தபோதுகூட, "நர்ஸ் பாத்துப்பாங்க" என்று திருப்பி அனுப்பினேன். உடம்பில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை ஹூக்ளி ஆற்றில் எறிந்துவிட்டவள் மாதிரி இருந்தேன்.

மருத்துவமனையில் வியாழக்கிழமைகளில் நோயாளிகளுக்கு ஓவிய வகுப்பு. அன்று இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் காகிதத்தில் படுக்க வேண்டும். மற்றவர் அவரைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். பிறகு அவரவர் உருவத்தை அவரவரே நிரப்ப வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள், மூன்று தலைமுறையாக கார்டன் ரீச்சில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். முப்பது வயதிருக்கும். அவளுக்கு வயிற்றில் புற்று.

"அசையாதீங்க தீதி, குண்டா வந்துடுவீங்க" என்று, வங்காளிகள் மாதிரி என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டபடியே வரைந்தாள்.

நிரப்ப உட்கார்ந்தேன். வருடக்கணக்காக வாசலில் கோலம் போட்ட கை, தானாகப் புள்ளி வைத்தது. வலது மார்பில் ஒரு தாமரை வந்தது. வலப்பக்கம் வந்தது இடப்பக்கமும் வந்தாக வேண்டுமே. நிமிர்ந்தபோது காகிதத்தில் இரண்டு தாமரைகள்.

அவள் எட்டிப் பார்த்தாள். "பாப்ரே! டாக்டர் எடுத்ததை ஒரே நிமிஷத்துல ஒட்டிட்டீங்களே தீதி!"

சுருக்கென்றது. "உன் வேலையைப் பாரு" என்றேன்.

தன் காகிதத்தை என் பக்கம் இழுத்துப் போட்டாள். வயிற்றில் கறுப்பை அழுத்தித் தேய்த்துத் தேய்த்துக் காகிதமே கிழிந்திருந்தது. கிழிசலில் தரை தெரிந்தது.

"இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்க. எங்கம்மாகிட்ட, குணமாயிட்டு வருதுன்னு சொல்லிட்டிருக்கேன். இந்தக் காகிதத்துகிட்டயுமா பொய் சொல்லணும்?"

என் இடது தாமரையை அழிக்கப் பார்த்தேன். கிரேயான் அழியவில்லை. நகத்தால் சுரண்டினேன். சொரசொரப்பாக ஒரு வடு விழுந்தது. அதற்குள் ஏழு புள்ளிகள் மட்டும் தங்கிவிட்டன. கோட்டுக்குள் வராத புள்ளி இருந்தால் கோலம் தப்பு என்று பழகியவள் நான். அந்த ஏழையும் சுற்றாமல் விட்டேன். விட்ட பிறகு, புடவைக்கு மேலாக, முதல்முறையாக அந்த இடத்தில் கை வைத்தேன். அழுகை பீறிட்டது. அவள் தன் கிழிசலின் ஓரத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கணவரைக் கூப்பிட்டு முதலில் படத்தைக் காட்டினேன், பிறகு தழும்பை. அவரோடு நானும் பார்த்தேன். அழகாக ஒன்றும் இல்லை. என்றாலும் என்னுடையது.

அடுத்த வியாழன் அவள் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பூஜை முடிவதற்குள் போய்விட்டாள் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் இன்றும் வரைகிறேன். நோய் திரும்புமோ என்ற பயம் போகவில்லை. வரையும்போது மட்டும் அது என் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் சேர்ந்து வரைந்த அந்த வியாழனன்று, வகுப்பு முடிந்து மருத்துவமனை வாசலில் அவள் ஆட்டோவில் ஏறியபோது, நம் வழக்கப்படி "போயிட்டு வா" என்றேன். வங்காளிகளும் கிளம்பும்போது 'வருகிறேன்' என்றுதான் சொல்வார்கள். அவள் சுருட்டிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்ககிட்டயாவது நிஜத்தைச் சொல்லிடறேன் தீதி. போறேன்."